சக்ராமெந்தும்: இந்த லத்தீன் சொல்லைப் படிப்பது எப்படி, தமிழில் சொல்வது எப்படி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் நான்கு பேர் லத்தீன் படிக்க வருகிறார்கள். சட்டக் கல்லூரி மாணவி ஒருத்தி, குருமடத்தில் சேரக் காத்திருக்கும் ஒரு தம்பி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், அவருடைய மகள். போன மாதம் 'சக்ராமெந்தும்' என்ற சொல்லுக்குத் தம்பி 'அருட்சாதனம்' (ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருச்சபைச் சடங்கு) என்று எழுதி வந்தான். சட்டம் படிக்கிற பெண் 'பணயத் தொகை' என்றாள். ஆசிரியர் 'படைவீரர் உறுதிமொழி' என்றார். மூன்றுமே அகராதியில் உள்ள பொருள்கள்தான். ஆனால் மூவர் கையிலும் இருந்தது ஒரே பத்தி. அங்கே ஒன்றுதான் பொருந்தும்.

முப்பது வருடங்களுக்கு முன் இதே இடத்தில் நானும் தடுக்கினேன். குருமடத்தில் இரண்டாம் ஆண்டு. இளைய பிளினி கி.பி. 112 வாக்கில் பித்தினியாவிலிருந்து (இன்றைய துருக்கியின் வடபகுதி) பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தை எங்களுக்குப் பாடமாகக் கொடுத்திருந்தார்கள். பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரித்து எழுதுகிறார் பிளினி: குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள், பிறகு ஒரு சக்ராமெந்துமால் தங்களைக் கட்டிக்கொள்கிறார்கள். நான் 'அருட்சாதனத்தால்' என்று எழுதினேன். திருப்பலியைத்தான் சொல்கிறார் என்று நிச்சயமாக நம்பினேன். எங்கள் வயதான லத்தீன் ஆசிரியர் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "எழுதினவர் கிறிஸ்தவரா? அவர் காதில் இந்தச் சொல் எப்படி ஒலித்திருக்கும்?"

இந்தச் சொல்லுக்கு நான் இன்றுவரை பயன்படுத்துகிற முதல் கருவி அந்தக் கேள்விதான். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். அகராதியைத் திறக்குமுன், சொல் யார் வாயில் இருக்கிறது என்று பாருங்கள்.

பிளினி ரோமானிய ஆளுநர், வழக்குரைஞர். அவருக்கு அது ஆணையிட்டுக் கட்டுப்படுதல். அடுத்த வரியே அதைத் தெளிவாக்குகிறது. எந்தக் குற்றத்துக்காகவும் அவர்கள் ஆணையிடவில்லை. திருட மாட்டோம், வழிப்பறி செய்ய மாட்டோம், பிறர்மனை நாட மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லையென்று சாதிக்க மாட்டோம் என்று ஆணையிடுகிறார்கள். ஆணையிட்டுக் கூடும் கூட்டம் என்றாலே ரோமானிய அதிகாரிக்குச் சதி நினைவுக்கு வரும். கூடி ஆணையிடுதல் என்று பொருள்படும் 'கொன்யுராத்தியோ' என்ற சொல்தான் அவர்கள் மொழியில் சதிக்கும் பெயர். ஆகவே "குற்றத்துக்காக அல்ல" என்று பிளினி தனியாகக் குறிப்பிடுவது வெறும் அலங்காரம் இல்லை. அங்கே 'அருட்சாதனம்' என்று போட்டால் இந்த அச்சம் முழுவதும் மறைந்துவிடும்.

இனி சொல்லின் உடம்பைப் பார்ப்போம். முதல் எழுத்து 'ஸ' ஒலி, 'ரா' நெடில், அழுத்தம் 'மெந்' மேல். 'பந்து' என்பதில் வருவதுபோல 'து'வை மெலித்துவிடாமல், 'பத்து'வில் வரும் வல்லோசையாகச் சொல்லுங்கள். பன்மை சக்ராமெந்தா. நீங்கள் அதிகம் சந்திக்கப்போகும் வடிவம் சக்ராமெந்தோ. நம் 'ஆல்' உருபு செய்கிற வேலையை அங்கே அந்த 'ஓ' செய்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்கள் மூன்றாம் வேற்றுமை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் தப்பாது.

'மெந்தும்' என்ற வால், ஒரு செயலைச் செய்ய உதவும் கருவியைக் காட்டும். கற்பிக்க உதவுவது தொகுமெந்தும், நம்முடைய டாக்குமென்ட். நினைவூட்டுவது மொனுமெந்தும். அணிசெய்ய உதவுவது ஒர்னாமெந்தும். அதே வழியில், 'சக்ராரே' என்ற வினையைச் செய்ய உதவுவது சக்ராமெந்தும். சக்ராரே என்றால் ஒன்றைத் தெய்வத்துக்கு உரியதாக்கிவிடுதல்.

அதன் வேரான 'சகெர்' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். அதைப் 'புனிதம்' என்று மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். சகெர் ஆனது மனிதர் கையைவிட்டுத் தெய்வத்தின் கைக்குப் போய்விட்டது. கோயில் சகெர். தெய்வத்தின் சாபத்துக்கு விடப்பட்டவனும் சகெர். தன்னை அண்டி வாழ்பவனை ஏமாற்றும் தலைவன் "சகெர் எஸ்தோ", அதாவது சகெர் ஆகட்டும், என்கிறது ரோமின் முதல் எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டம். ரோம் நகர மன்றவெளியில் 1899-ல் தோண்டியெடுத்த மிகப் பழைய கல்வெட்டிலும் இதே சொல்லின் பழைய வடிவம் இருக்கிறது.

எனவே சக்ராமெந்தும் என்பது வாயால் சொல்லும் வாக்கோடு முடிவதில்லை. எதையோ எடுத்துத் தெய்வத்தின் பக்கம் வைத்துவிடுகிறோம். வாக்குத் தவறினால் அது திரும்பி வராது. நம் ஊரில் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறவளைப் பார்த்து ஏன் பதறுகிறோம்? அவள் சொன்ன வாக்கியத்துக்காகவா? தலையை வைத்துவிட்டாளே என்றுதான். அந்தப் பதற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு லத்தீனைப் படியுங்கள். ஒவ்வொரு முறையும் "இங்கே எதை வைத்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அது இரண்டாவது கருவி.

வழக்குமன்றத்தில் வைத்தது பணம். சட்ட மாணவி சொன்னது இந்த இடத்துக்குச் சரியான விடை. ரோமின் பழைய வழக்குமுறையில் இரு தரப்பும் ஒரு தொகையைப் பணயம் கட்டி மோதின. வழக்குப் பொருளின் மதிப்பு 1000 அஸ் அல்லது அதற்கு மேல் என்றால் 500 அஸ், குறைவு என்றால் 50 அஸ். அஸ் என்பது செப்பு நாணயம். வென்றவர் தம் பணத்தைப் புனித இடத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார், தோற்றவர் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போனது என்கிறார் ரோமானிய அறிஞர் வர்ரோ. நடுவரும் நேராக "நிலம் இவனுடையது" என்று தீர்ப்புச் சொல்வதில்லை. யாருடைய சக்ராமெந்தும் நேர்மையானது, யாருடையது நேர்மையற்றது என்றே சொன்னார். நிலம் யாருக்கு என்பது அதிலிருந்து பிறக்கும். ரோமின் புகழ்பெற்ற வழக்குரைஞர் சிசரோ இளைஞராக இருந்தபோது அர்ரேத்தியம் ஊர்ப் பெண் ஒருத்திக்காக வாதாடி வென்றதைச் சொல்லும்போதும், "எங்கள் சக்ராமெந்தும் நேர்மையானது என்று தீர்ப்பானது" என்றே சொல்கிறார்.

இந்த விவரங்களைச் சொல்லும் சட்ட ஆசிரியர் கையுஸின் பாடநூல் நெடுங்காலம் காணாமல் இருந்தது. 1816-ல் இத்தாலியின் வெரோனாவில் நீபூர் என்ற அறிஞர் ஒரு பழைய தோல் ஏட்டைப் புரட்டினார். புனித எரோணிமுஸின் கடிதங்களுக்கு அடியில், சுரண்டி அழித்த எழுத்தாகக் கையுஸ் கிடந்தார். அதில் ஒரு விதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒருவன் அடிமையா, சுதந்திரனா என்பது வழக்கு என்றால், அவன் எவ்வளவு விலைபெற்றவனாக இருந்தாலும் பணயம் 50 அஸ்தான். அவனுக்காக வாதாட முன்வருகிறவர்களைத் தொகை அழுத்தக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்களாம். என் மாணவியிடம் இந்த வரியை இரண்டு முறை எழுதச் சொன்னேன்.

படையில் வைத்தது பணமில்லை, ஆளையே. இங்கேதான் சொல் மிக அதிகமாகப் புழங்குகிறது, வினைகளைக் கவனிக்கவேண்டிய இடமும் இதுதான். சக்ராமெந்தும் திகெரே என்றால் படைவீரன் அந்த வாசகத்தைச் சொல்லுதல். சக்ராமெந்தோ அதிகெரே என்றால் தளபதி அவனை அதற்குள் செலுத்துதல். சக்ராமெந்தோ தெனேரி, அதனால் பிடிக்கப்பட்டிருத்தல். சக்ராமெந்தோ சொல்வி, அதிலிருந்து அவிழ்க்கப்படுதல். பிளினி போட்ட ஒப்ஸ்திரிங்கெரே, இறுக்கிக் கட்டுதல். பிடிப்பது, கட்டுவது, அவிழ்ப்பது எல்லாமே கயிற்றின் வேலை. தமிழிலும் 'கட்டுப்படு' என்கிறோமே, அதையே பயன்படுத்துங்கள். 'உறுதிமொழி எடுத்துக்கொண்டான்' என்று எழுதினால் ஏதோ அவன் விரும்பி எடுத்த பொருள்போல் ஆகிவிடுகிறது. 'சூளால் கட்டுண்டான்' (சூள், ஆணைக்குப் பழந்தமிழ்ச் சொல்) என்பது லத்தீனுக்கு அருகில் நிற்கிறது.

படை முழுவதும் எப்படிச் சொல்லும்? ஒருவரை முன்னால் நிறுத்தி முழு வாசகத்தையும் சொல்லவைப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்களுக்கும் அதுவே என்பார்கள். 'இதெம் இன் மே' என்ற மூன்று சொல் பதிலை ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று சொல்லியிருப்பார்கள். என் அண்ணன் நீலகிரி வெலிங்டனில் ராணுவப் பயிற்சி முடித்துக் கசம் பரேடில், அதாவது உறுதிமொழி அணிவகுப்பில், நின்றதை வீட்டில் சொல்லியிருக்கிறார். தம் வேதப் புத்தகத்தில் கை வைத்தபோது உள்ளங்கை வியர்த்ததாம். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸின் நூலில் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வியர்வைதான் ஞாபகம்.

மூன்றாவது கேள்வி: கட்டை யார் அவிழ்க்க முடியும்? இதற்கு ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் நூலைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. கி.மு. 494. கடன்சுமையால் கொதித்துப்போன ரோமானிய மக்கள் படையில் கட்டுண்டு நிற்கிறார்கள். சூள், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் தலைமை ஆட்சியாளர்களான கொன்சுல்களின் பேரில் எடுத்தது. கொன்சுல்களைக் கொன்றுவிட்டால் கட்டு விட்டுப்போகுமே என்று பேச்சு எழுந்ததாம். குற்றம் செய்து எந்தத் தெய்வக் கட்டையும் அவிழ்க்க முடியாது என்று அவர்களுக்குப் புரியவைத்தார்கள். கொலை நடக்கவில்லை. அவர்கள் நகரைவிட்டு மூன்று மைல் தள்ளி, அனியோ ஆற்றுக்கு அப்பால், 'மோன்ஸ் சகெர்' என்ற குன்றில் போய் அமர்ந்தார்கள். அந்தக் குன்றின் பெயரிலும் அதே சகெர்.

கி.மு. 460-ல் வேறொரு சிக்கல். வலேரியுஸ் என்ற கொன்சுலின் ஆணைக்குக் கூடுவோம் என்று மக்கள் சூளுரைத்தார்கள். அவர் போரில் இறந்துபோனார். அடுத்து வந்த சின்சின்னாத்துஸ், நீங்கள் இன்னும் கட்டுண்டவர்கள்தான் என்று படைக்கு அழைத்தார். சூளெடுத்தபோது இவர் தனிமனிதராகத்தானே இருந்தார் என்று மக்கள் தலைவர்கள் வாதாடிப் பார்த்தார்கள். தன் வசதிக்கேற்ப சூளுக்குப் பொருள் சொல்லும் வழக்கம் அந்தக் காலத்தில் இன்னும் வரவில்லை என்று லிவி ஆதங்கத்தோடு எழுதுகிறார்.

சிசரோ சொல்லும் இன்னொன்று. ரோமானிய அரசியல்வாதி மூத்த கத்தோவின் மகன், பொப்பிலியுஸ் என்ற தளபதியின் படையில் இருந்தான். அவன் இருந்த லெகியோனை, அதாவது படைப்பிரிவை, கலைத்துவிட்டார்கள். அவனோ போரின்மேல் ஆசைகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அப்பா தளபதிக்குக் கடிதம் எழுதினார்: அவனை வைத்துக்கொள்வதானால் இரண்டாவது சக்ராமெந்துமால் கட்டுங்கள், முதலாவது அவிழ்ந்துவிட்டது, இனி எதிரியோடு போரிட அவனுக்கு உரிமை கிடையாது. சூள் ஒருவனைக் கட்டுவதோடு கொல்லும் உரிமையையும் தருகிறது என்பதைச் சொல்ல எனக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுத் தெரியாது.

இவற்றோடு பக்கத்துச் சொல்லையும் பிரித்துப் பழகுங்கள். 'யூஸ் யூராந்தும்' என்பது ஆணை, சத்தியம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். சாட்சி சொல்வதும் அது, ஒப்பந்தம் காப்பதும் அது. கி.மு. 216-ல், கன்னே போருக்கு முன், இரண்டையும் அடுத்தடுத்து வைத்து லிவி எழுதுகிறார். அதுவரை கூடச் சொன்னால் கூடுவோம், சொல்லாமல் கலைய மாட்டோம் என்ற சக்ராமெந்தும் மட்டுமே கட்டாயம். பயந்து ஓட மாட்டேன், ஆயுதம் எடுக்க, எதிரியை அடிக்க, சக குடிமகனைக் காப்பாற்ற அன்றி வரிசையைவிட்டு விலக மாட்டேன் என்பதை வீரர்கள் தாங்களாகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அந்த வருடம்தான் படை அதிகாரிகள் அதை யூஸ் யூராந்துமாகக் கட்டாயமாக்கினார்கள். நட்பாகச் சொல்லிக்கொண்டதைச் சட்டமாக்கிய அந்தப் படைதான் கன்னேயில் அழிந்தது.

'வோத்தும்' வேறு. நீ இதைக் கொடுத்தால் நான் அதைச் செய்வேன் என்று தெய்வத்திடம் பேசிக்கொள்வது. அதற்கு நம்மிடம் நேர்த்திக்கடன் என்று அச்சாகப் பொருந்தும் சொல் இருக்கிறது, வேறு தேட வேண்டாம்.

சக்ராமெந்துமுக்குத் தமிழ்? நான் வைத்திருக்கும் வழக்கம் இது. படை என்றால் 'சூள்'. சங்க அகப்பாடல்களில் தலைவன் தலைவியின் கையைப் பற்றிச் சூளுரைப்பான். அது பொய்த்தால் தெய்வம் வருத்தும் என்று அவள் அஞ்சுவாள். தெய்வம் உள்ளே நிற்கிற சொல் அது. 'பிரமாணம்' இன்று பதவியேற்பையும் கோர்ட்டையும் நினைவூட்டுவதால் அதை யூஸ் யூராந்துமுக்கு விட்டுவிடுகிறேன். 'சபதம்' சினத்தில் தனியாள் எடுப்பது. படை வரிசைக்கு ஒட்டாது. 'வஞ்சினம்' ஆசைகாட்டும் சொல்தான். இன்னது செய்யாவிட்டால் நான் இன்னவன் ஆகுக என்று தன்மேலேயே சாபத்தை வைப்பதால் சகெருக்கு மிக நெருங்கி வரும். ஆனால் அது பகைவனை நோக்கி மன்னன் சொல்வது, அடுத்தவன் ஆணைக்குக் கட்டுப்படுகிற சிப்பாய் சொல்வதல்ல. வழக்குமன்றம் என்றால் 'பணயம்'. கிறிஸ்தவ நூல் என்றால் காலத்தைப் பார்க்கவேண்டும்.

ஏனென்றால் சொல் திரும்புகிற முனை அங்கே இருக்கிறது. கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் சிறையிலிருக்கும் கிறிஸ்தவர்களுக்கு எழுதுகிறார்: சக்ராமெந்துமின் வாசகத்துக்கு நாம் பதில் சொன்னபோதே வாழும் கடவுளின் படைக்கு அழைக்கப்பட்டுவிட்டோம் என்று. ஞானஸ்நானத்தைச் சொல்கிறார், சிப்பாயின் சொல்லால். இங்கே நான் 'சூள்' என்றே போட்டுவிட்டு ஒரு சிறு விளக்கம் சேர்ப்பேன். 'அருட்சாதனம்' என்றால் படை காணாமல் போய்விடும்.

இதோடு கிரேக்க 'மிஸ்தேரியோன்' என்ற சொல்லுக்கும் லத்தீன் கிறிஸ்தவர்கள் சக்ராமெந்துமைப் போட்டார்கள். எபேசியர் 5:32-ல் லத்தீன் வேதாகமமான வுல்காத்தா இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறது. கிரேக்கத்தைப் பின்பற்றிய நம் பழைய தமிழ் வேதாகமம் "இந்த இரகசியம் பெரியது" என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மறைபொருளும் ஆணையும் ஒரே சொல்லில் குடியேறியது தெரியும். ஆயரும் இறையியலாளருமான புனித அகுஸ்தினார் அதைப் 'புனித அடையாளம்' என்று விளக்கினார். ஆனாலும் சிப்பாயை அவர் மறக்கவில்லை. ஓடிப்போன வீரன் திரும்பி வந்தால் அவன் உடம்பிலுள்ள படை முத்திரையை மறுபடி குத்துவதில்லை, அதுபோலப் பிரிந்துபோய்த் திரும்பியவனுக்கு மறு ஞானஸ்நானமில்லை என்று வாதிட்டார். 1547-ல் கத்தோலிக்க ஆயர்களின் திரிதெந்து சங்கம் ஏழு என்று எண்ணிக்கையை உறுதிசெய்தபோது சொல் முழுக்கக் கோயிலுக்குள் வந்துவிட்டது. நம் பெரியவர்கள் சொன்ன தேவதிரவிய அனுமானமும், இன்றைய அருட்சாதனமும், லூத்தரன் சபையாரின் சாக்கிரமெந்தும் இந்தக் கடைசிப் பொருளின் பிள்ளைகள்.

கோயிலுக்கு வெளியே பழைய பொருள் சாகவுமில்லை. 842 பிப்ரவரி 14 அன்று ஸ்திராஸ்பூர்கில் இரண்டு அரசச் சகோதரர்கள் தங்கள் படைகளின் முன் ஆணையிட்டார்கள். அங்கே படை சொன்ன வாசகத்தில், பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துவடிவில், 'சக்ரமெந்த்' என்று நம் சொல் ஆணை என்ற பொருளிலேயே நிற்கிறது. அது தேய்ந்து தேய்ந்து இன்றைய பிரெஞ்சில் 'செர்மோன்' ஆனது. ஆணைக்கு அதுவும், அருட்சாதனத்துக்குத் திரும்ப வாங்கிய வடிவமும் என்று இரட்டைப் பிள்ளைகள்.

நீங்களே லத்தீனில் எழுத வேண்டுமென்றால் ஒன்று மட்டும்: சொல்லைத் தனியாக நிறுத்தாதீர்கள். தனியாக நின்றால் இன்று பார்ப்பவர் எல்லாரும் நற்கருணை என்றே படிப்பார்கள். கூட ஒரு கயிற்று வினையைச் சேருங்கள். என் அக்காள் மகள் கல்யாண மோதிரத்தின் உட்புறம் லத்தீனில் ஏதாவது வேண்டும் என்று கேட்டாள். அகுஸ்தினார் திருமணத்தின் நன்மைகளாகச் சொன்ன மூன்றில், பிள்ளைப்பேறு, பற்றுறுதி இவற்றுக்குப் பின் வரும் மூன்றாவது இந்தச் சொல்தான். அங்கே அதற்குப் பிரிக்க முடியாத கட்டு என்று பொருள். 'சக்ராமெந்தோ தெனெயோர்' என்று எழுதிக் கொடுத்தேன். சூளால் பிடிக்கப்பட்டிருக்கிறேன். தட்டார் ஒரு மோதிரத்தில் அத்தனை எழுத்து கொள்ளாது என்றார். மாப்பிள்ளை மோதிரத்தில் முதல் சொல், அவளுடையதில் இரண்டாவது.

பயிற்சிக்கு ஒரு வரி தருகிறேன். கி.மு. 49, ஸ்பெயின். தோற்றுச் சரணடைந்த எதிரிப்படைக்குச் சீசர் கொடுத்த வாக்கு: "நெயு குவிஸ் இன்விதுஸ் சக்ராமெந்தும் திகெரே கோகாத்துர்." நெயு, மேலும் வேண்டாம். குவிஸ், எவரும். இன்விதுஸ், விருப்பமில்லாதவராய். கோகாத்துர், கட்டாயப்படுத்தப்பட. யார் வாயில், எதை வைத்து, யார் அவிழ்ப்பது என்று மூன்றையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். வரலாற்று ஆசிரியரின் மகள் போன சனிக்கிழமை கொண்டுவந்தது இது: "மனமில்லாத எவரையும் சூள் சொல்ல வற்புறுத்தலாகாது."